சயரோகமும் வீட்டுச் சிகிச்சையும்

சயரோகி சானற்றோரியத்திற் கிடந்தாலன்றி உய்யான் என்பது முன்னாள் வைத்தியர் பலரின் துணிபு. அனுபவத்திற் பிறந்த துணிபு அது, சோதித்துத் தெளிந்ததன்று. ஆரையம்பதி வாவியில் வலைவீசி உண்போன் ஓராண்டு இல்லம் நீங்கின், அவன் மனைவி மக்கள் யாது செய்வர்?

1956ஆம் ஆண்டு சென்னைச் சயரோக ஆராய்ச்சி நிலையத்தார் 193 நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையால் இரு பகுதியாக்கினர். வைத்தியர் விருப்பிற்கு அங்கே இடமிருக்கவில்லை. ஒரு பகுதியார் நல்லுணவும் ஓய்வும் பெற்றுச் சானற்றோரியத்திலும், மறுபகுதியார் நெருக்கமான தம் சிறுமனைகளிலும், ஐசோனயசிட்டு, பாஸ் என்னும் அதே மருந்துகளை உண்டனர். ஓராண்டின் முடிவில் முன்னவருள் நூற்றுக்கு 92 பேரும் பின்னவருள் 86 பேரும் தேறினர். 1959இல் வெளியான இம்முடிபு பலரை வியப்பித்தது.

வீட்டாரைத் தொற்றுமென்ற அச்சமோ? உடனுறைந்தோரை ஐந்தாண்டு கவனித்தபொழுதும், வீட்டுச் சிகிச்சையால் நோய் மிகவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்னரே நிகழ்ந்திருந்தது.