வேண்டுதலும் வைத்தியமும்

நோய் வந்தவிடத்து இறைவனை நினையாதார் யார்? நாத்திகம் பேசுவோனும் தன் தாய் பாயிற் கிடக்கும்போது கைகூப்புவான். ஆயினும், வேண்டுதல்தான் நோயைத் தீர்க்கின்றதா என்னும் வினா பழையது. அவ்வினா பகிரங்கமாக எழுந்த ஒரு காலத்தை ஈண்டு நோக்குவோம்.

1871ஆம் ஆண்டின் இறுதியில், விக்டோரியா மகாராணியாரின் மூத்த மைந்தர் நெருப்புக்காய்ச்சலால் உயிருக்கு ஊசலாடினார். பிற்காலத்தில் ஏழாம் எட்வேட் மன்னரானவர் இவரே. இங்கிலாந்து முழுவதும் தேவாலயங்களிற் பிரார்த்தனை நிகழ்ந்தது. பத்தாண்டுகளுக்கு முன் தந்தையார் உயிர்நீத்த அதே டிசம்பர் 14ஆம் நாளில் மைந்தர் தேறத் தொடங்கினார். மக்கள் மெய்சிலிர்த்தனர். 1872 பெப்ரவரி 27இல் சென் போல்ஸ் பேராலயத்தில் நன்றிவழிபாடு நடைபெற்றது.

ஆனால், ஸ்காபரோ நகரில் இளவரசர் தங்கிய அதே மாளிகையில் உடன் தங்கிய செஸ்ரர்பீல்ட் பிரபு அந்நோயினாலேயே மாண்டார். இளவரசரின் குதிரைக்காரனும் மாண்டான். அவர்தம் வீட்டார் வேண்டாதிருந்திருப்பரோ?

அவ்வாண்டு யூலையில், பௌதிக அறிஞர் ரின்டால், பெயர் குறிப்பிடாத ஒருவரின் கடிதத்தைப் பத்திரிகையொன்றில் வெளியிடச் செய்தார். வைத்தியசாலையின் ஒரு பகுதி நோயாளருக்காகச் சில ஆண்டுகள் விசேடமாகப் பிரார்த்தித்து, அங்கு நேரும் மரணங்களைப் பிற இடங்களின் மரணங்களோடு ஒப்பிடுக என்பதே அதன் சாரம். அடுத்த மாதம் பிரான்சிஸ் கால்ட்டன் கணக்கொன்றை முன்வைத்தார். கோவில்தோறும் யாருடைய நீடாயுளுக்காக வேண்டினரோ, அவ்வரச குலத்தாரின் சராசரி ஆயுள் 64 ஆண்டு. மதகுருமாரின் ஆயுள் 69. நிலவுடைமைக் கனவான்களின் ஆயுள் 70. சடங்காக ஓதும் பிரார்த்தனை உள்ளன்போடு செய்வதற்கு ஈடாகுமா எனக் கேட்கலாம். அக்கேள்வி நியாயமே.

ரின்டால் வெளியிட்ட யோசனை அன்று கைகூடவில்லை. ஏறத்தாழ அதையொத்த பெருஞ்சோதனை 2006இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. இருதய சத்திரசிகிச்சை பெற்ற 1802 பேர் மூன்று பிரிவாயினர். தமக்காகப் பிரார்த்தனை நடக்கின்றதா என அறியாதவருள், பிரார்த்திக்கப்பட்டோரில் 52 வீதத்தினரும், பிரார்த்திக்கப்படாதோரில் 51 வீதத்தினரும் சிக்கலுற்றனர். நிச்சயமாகப் பிரார்த்திக்கின்றனர் என அறிந்திருந்தோரிலோ 59 வீதத்தினர்! இது தற்செயலாயுமிருக்கலாம், மனக்கலக்கத்தின் விளைவாயுமிருக்கலாம். வேண்டுதலால் உடல்நலம் மிகுந்தது என்பதற்கு மட்டும் அங்கே சான்றில்லை.

அப்பரடிகளின் சூலை தீர்ந்ததே எனப் பெரியோர் வினவுவர். சேக்கிழார் அதனைப் பாடியது அருளின் பெருமையை உணர்த்தவே. வைத்தியரை விலக்குமாறு கற்பிக்கவன்று. மருந்துக்கென வள்ளுவரும் ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ?

நெருப்புக்காய்ச்சல் மலங்கலந்த நீரால் பரவுகின்றது. மக்களை அதனின்று காத்தவை சுத்தமான குடிநீரும் ஒழுங்கான வடிகால்களும் பின்னர் வந்த மருந்துகளுமே. நூல் கட்டி, நேர்த்தி வைத்து, நாளை பார்ப்போம் என்றிருக்கும் வீட்டிற் காய்ச்சற் குழந்தைக்கு அந்த ஒருநாளே உயிராகலாம்.

வேண்டுதல் மனத்திற்கு உறுதியும் அமைதியும் தரலாம் என்பதைக் கால்ட்டனும் மறுத்தாரல்லர். ஆதலின், இளைஞர்காள், கைகூப்புவதை விடுமாறு யான் கூறவில்லை. முதலில் குழந்தையை வைத்தியரிடம் சேர்ப்பியுங்கள். பின்னர், வைத்தியசாலை வாயிலில் நின்று கைகூப்புங்கள்.