தாத்தா வைத்த மரக்கால்

    

முன்னோர் விட்டுச்சென்ற கருவியை மாற்றிப் பயன்படுத்துவதா, மாற்றாமல் பாதுகாப்பதா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி அம்மா அழகாகச் சொன்னாங்க: "எங்க தாத்தாவோட மரக்காலைப் பரணிலே போட்டு வைத்தால் எலிதான் குடும்பம் நடத்தும். அடியிலே ஓட்டை போட்டேன், ரோஜாச் செடி வைத்தேன், வீடே மணக்குது!" நீங்களும் கைதட்டினீங்க. ரோஜா மணக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் மட்டுமா வெளியே போச்சு? அதைக் கேட்கத்தான் நான் எழுந்திருக்கிறேன். (கைதட்டல்)

மரக்கால் என்றால் என்ன? இன்றைக்குப் பிள்ளைகளைக் கேட்டால், கால் இல்லாதவருக்கு வைக்கிற கட்டைக் கால் என்று சொல்கிறார்கள். (சிரிப்பு) அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; நாம் காட்டவில்லை. ஆழாக்கு இரண்டு சேர்ந்தால் உழக்கு. உழக்கு இரண்டு உரி. உரி இரண்டு நாழி. நாழி எட்டு ஒரு குறுணி, அதுதான் மரக்கால். மரக்கால் பன்னிரண்டு ஒரு கலம். களத்துமேட்டிலே நெல் அளக்கும்போது "ஒன்று" என்று தொடங்க மாட்டார்கள். "லாபம்" என்றுதான் தொடங்குவார்கள். கணக்கிலேயே நல்ல சொல்லை முதலில் வைத்த சமூகம் அய்யா இது!

இந்தப் பாத்திரத்தின் பெருமை என்ன தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கே ஒரு பெயர் இருக்கிறது: ஆடவல்லான்! தில்லைக்கூத்தனின் திருப்பெயர். அது ராஜகேசரி என்ற அளவோடு ஒத்தது என்றும் அங்கே பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னே ராஜராஜன் காலத்திலே, எந்த மரக்கால், அது எந்த அளவுக்குச் சமம் என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். ஏன்? அளவு தவறினால் கோயிலுக்கு வரவேண்டிய நெல்லும் தவறும், விளக்குக்கு ஊற்றுகிற நெய்யும் தவறும். அளவு என்பது நியாயம்!

அந்த நியாயம் எல்லாக் காலத்திலும் நின்றதா? இல்லையே! வாங்குவதற்குப் பெரிய மரக்கால், கூலி கொடுப்பதற்குச் சின்ன மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த வீடுகளும் இந்த நாட்டில் உண்டு. அதனால்தான் 1940களில் தஞ்சை வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்கள், முத்திரை போட்ட மரக்காலிலே கூலி அளக்க வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். நாள் முழுக்க முதுகு ஒடிய உழைத்தவனுக்கு அந்த ஒரு விரற்கடை உயரம்தான் ராத்திரிக் கஞ்சி!

இப்போது சொல்லுங்கள். அந்த இரண்டு மரக்காலும் இன்றைக்குக் கிடைத்தால், ஒன்றிலே தண்ணீரை நிரப்பி மற்றொன்றிலே ஊற்றிப் பார்த்தால் போதும், உண்மை வழிந்து ஓடும். எந்த வக்கீலும் வேண்டாம். ஆனால் அடியிலே ஓட்டை போட்டுவிட்டால்? விளிம்பை அறுத்து விளக்குக் கூடாக்கிவிட்டால்? முத்திரையை அரம் கொண்டு தேய்த்துவிட்டால்? சாட்சியைக் கூண்டிலே ஏற்றிவிட்டு நாக்கை அறுத்த கதைதான்! (கைதட்டல்)

எதிரணியிலே ஒரு தம்பி, "காலம் மாறிப்போச்சு, லிட்டர் வந்தாச்சு" என்றார். வந்தது உண்மை. 1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் தம்பி, 1967 தேர்தலில் அண்ணா மக்களுக்கு எதைச் சொல்லி வாக்குக் கேட்டார்? ரூபாய்க்கு மூன்று படி அரிசி! கிலோவைச் சொல்லவில்லை. சட்டம் வந்து பத்தாண்டு கழிந்த பிறகும் தாய்மார்களின் மனசிலே படிதான் நின்றது. அந்தப் படி பிறகு எங்கே போயிற்று? பல வீடுகளில் பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினோம். பளபளப்பு வீட்டுக்குள்ளே வந்தது. தாத்தா வீட்டைவிட்டுப் போனார்.

இனி எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். "மாற்றிப் பயன்படுத்தினதால்தான் பல பொருள்கள் பிழைத்தன" என்றார்கள். நல்ல வாதம். அதற்கு வலுவான சான்றை அவர்கள் சொல்லவில்லை. நானே எடுத்துக் கொடுக்கிறேன். (சிரிப்பு) நியூசிலாந்திலே 1836ஆம் ஆண்டு வாக்கில் கொலென்சோ என்ற பாதிரியார் ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். மாவோரி மக்கள் அதிலே உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அது பாத்திரமே இல்லை, கப்பல் மணி! கவிழ்த்துப் பிடித்தால் மணி, நிமிர்த்தி வைத்தால் சட்டி. அதைச் சுற்றித் தமிழ் எழுத்து! முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று எழுதியிருக்கிறது. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார் அவர். இன்றைக்கு வெலிங்டன் நகரத்து அருங்காட்சியகத்திலே இருக்கிறது.

"பார்த்தீங்களா, சட்டியானதால்தானே பிழைத்தது!" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தமிழன் மணி என்று நமக்குச் சொன்னது எது? உருளைக்கிழங்கா? எழுத்து அய்யா, எழுத்து! அடுப்பிலே வைத்தவர்கள் அந்த எழுத்தைச் சுரண்டவில்லை. உடைந்துபோன விளிம்பைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. நின்ற எழுத்து பேசுகிறது. (பலத்த கைதட்டல்)

நம் வீட்டிலேயே இதற்கு வழிகாட்டி உண்டு. பத்தாம் நூற்றாண்டிலே செம்பியன் மாதேவியார் பழைய செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிக்காவலில் என்ன செய்தார்? பழைய கல்வெட்டுகளைத் தூக்கி எறியவில்லை. படியெடுத்துப் புதுச் சுவரிலே மறுபடியும் பொறிக்கச் செய்தார். மாற்றுவதற்கு முன்னே எழுதி வை! இதைவிடப் பெரிய பாதுகாப்புச் சட்டம் வேறென்ன வேண்டும்?

ஆகவே, தாய்மார்களே, மரக்காலைப் பூட்டி வைத்துப் பூப்போடச் சொல்லவில்லை. வாசலிலே குடை வைங்க, மேசையிலே பேனா போடுங்க, கல்யாணத்துக்கு நிறைநாழி வைங்க. அது இடம் மாறுவது, உயிர் மாறுவதல்ல. ஆனால் திரும்பச் சரிசெய்ய முடியாத ஒன்றைச் செய்யாதீங்க. ஓட்டை வேண்டாம், அறுப்பு வேண்டாம், உருக்கு வேண்டவே வேண்டாம். எத்தனை லிட்டர் பிடிக்கிறது, எந்த ஊர், யார் வைத்திருந்தது என்று ஒரு துண்டுத் தாளிலே எழுதி உள்ளே போடுங்க. பேரப்பிள்ளை ஒருநாள் எடுத்துப் படிக்கும்.

ரோஜாவுக்கு மண்தொட்டி போதும் அம்மா. அது கடைத்தெருவிலே கிடைக்கும். தாத்தாவின் மரக்கால் எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே, மாற்றாமல் பாதுகாப்பதே கடமை என்று நல்ல தீர்ப்பை, குறைத்து அளக்காமல், தலை தட்டாமல், கும்பாரமாக எங்களுக்கு அளந்து தருமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.