பன்றிகளில் ஹெபடைட்டிஸ் ஈ வைரஸ்: மரபணு வகைகளின் வரலாறு

சில வகைகளில் பன்றிகளையும் காட்டுப்பன்றிகளையும் இயற்கை உறைவிடமாகக் கொண்டு, அவற்றிலிருந்து மனிதருக்கும் தொற்றும் கல்லீரல் வைரஸ் ஹெபடைட்டிஸ் ஈ. மனிதரிடம் இது மஞ்சள் காமாலையாக வெளிப்படலாம். பன்றிகளிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் வற்றிய பிறகு, இரண்டு மூன்று மாத வயதில் குட்டிகளுக்குத் தொற்றும், சில வாரங்கள் சாணத்தில் வைரஸ் வெளியேறும், பிறகு நின்றுவிடும். பன்றி நோயுறாததால் அதன் கல்லீரலில் இப்படியொரு வைரஸ் குடியிருப்பதை 1990கள் வரை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

 

அமைப்பும் வகைகளும்

இதன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 7,200 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழை. அதில் மூன்று முக்கியப் பகுதிகள் உள்ளன. முதற்பகுதி வைரஸ் பெருகத் தேவையான நொதிகளுக்கும், இரண்டாவது மேலுறைப் புரதத்துக்கும், மூன்றாவது உயிரணுவை விட்டு வெளியேற உதவும் சிறு புரதத்துக்கும் உரியவை. முதற்பகுதியின் நடுவே புரோலின் மிகுந்த ஒரு துண்டு இருக்கிறது. வகைக்கு வகை, சில சமயம் நோயாளிக்கு நோயாளி, நீளமும் வரிசையும் மிக அதிகமாக மாறுபடுவது அந்தத் துண்டில்தான்.

மனிதரைத் தொற்றும் முதன்மை இனத்தில் இன்று 8 மரபணு வகைகள் அறியப்பட்டுள்ளன. 1, 2 ஆகியவை மனிதரிடம் மட்டுமே சுற்றுகின்றன. 3, 4 ஆகியவை பன்றி, காட்டுப்பன்றி, மனிதர் மூவரிடமும் காணப்படுபவை. மூன்றாம் வகையின் ஓர் உட்பிரிவு முயல்களுக்கு உரியது. 5, 6 இரண்டும் ஜப்பானியக் காட்டுப்பன்றிகளில் கண்டறியப்பட்டவை. 7, 8 ஒட்டகங்களுக்கு உரியவை. மரபணு வரிசையில் இத்தனை விலகல் இருந்தும், எதிர்ப்பொருள் நோக்கில் இவை ஒரே வகையாகவே நடந்துகொள்கின்றன. சீனாவில் 2011இல் அனுமதி பெற்ற தடுப்பூசி முதல் வகையின் மேலுறைப் புரதத்திலிருந்து செய்யப்பட்டது. நான்காம் வகையே மிகுதியாகக் காணப்படும் அந்த நாட்டிலும் அது பயன் தந்தது.

கண்டுபிடிப்புக்கு முன்

1955–56இல் யமுனை நீர் மாசுபட்டுத் தில்லியில் 29,000 பேருக்கு மேல் காமாலை கண்டது. 1978இல் காஷ்மீரில் பெரும் தொற்று ஏற்பட்டது. கர்ப்பிணிகளிடையே இறப்பு மிகுந்திருந்ததை மருத்துவர் முகமது சுல்தான் குரூ பதிவுசெய்தார். இரண்டும் ஹெபடைட்டிஸ் ஏ அல்ல என்பது பிறகு தெரிந்தது.

வைரஸை முதலில் கண்ணால் பார்த்தவர் சோவியத் அறிஞர் மிகயில் பலயான். ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் வீரர்களிடையே காமாலை பரவியபோது, ஒன்பது நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலை அவர் தாமே குடித்தார். ஹெபடைட்டிஸ் ஏ-வுக்கு அவருடைய உடலில் முன்பே எதிர்ப்பொருள் இருந்தது. ஆகவே நோய் வந்தால் அது வேறொன்றாகவே இருக்கவேண்டும் என்பது கணக்கு. ஐந்து வாரங்களுக்குப் பிறகு அவருக்குக் காமாலை வந்தது. தம் மலத்திலேயே வைரஸ் துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். 1983இல் அந்த ஆய்வு வெளியானது. 1990–91இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பர்மாவிலிருந்து கிடைத்த வைரஸின் மரபணுவைப் படியெடுத்து முழுமையாக வாசித்தனர்.

பன்றிக்கு வந்த பார்வை

பன்றியைச் சோதித்துப் பார்த்தவரும் பலயானே. மனித வைரஸைப் பன்றிகளுக்குச் செலுத்தித் தொற்று உண்டாக்கியதாக 1990இல் அவருடைய குழு எழுதியது. இம்முடிவு இன்றும் விவாதத்துக்கு உரியது. பிற்காலத்தில் முதல் வகை வைரஸைக் கொண்டு பன்றிகளைத் தொற்றவைக்கச் செய்த முயற்சிகள் தோற்றன. அவர் பயன்படுத்திய பன்றிகளில் முன்பே பன்றி வைரஸ் இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு, உறுதிசெய்ய வழியில்லை. 1995இல் காட்மாண்டு பள்ளத்தாக்கின் வளர்ப்புப் பன்றிகளில் தொற்றின் தடயம் கிடைத்ததாக ஓர் அறிக்கை வந்தது.

திருப்பம் 1997இல் அமெரிக்காவில் நேர்ந்தது. இலினாய் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் பிறந்த குட்டிகளை எக்ஸ். ஜே. மெங், ராபர்ட் பர்செல், சுசன் எமர்சன் ஆகியோர் அடங்கிய குழு தொடர்ந்து கவனித்து, அவற்றின் இரத்தத்திலிருந்து புது வைரஸ் ஒன்றைப் பிரித்தது. மேலுறைப் புரதத்துக்கான பகுதியில், அன்று அறியப்பட்ட மனித வைரஸ்களோடு அதன் நியூக்ளியோடைடுகள் 79–80 விழுக்காடு ஒத்திருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில், நோய் பரவியிருந்த நாடுகளுக்குப் போகாத ஓர் அமெரிக்க நோயாளியின் வைரஸும் வாசிக்கப்பட்டது. அது ஆசிய மனித வைரஸ்களைவிட அந்தப் பன்றி வைரஸுக்கே மிக நெருங்கியிருந்தது. பன்றி வைரஸ் குரங்கைத் தொற்றியது. அமெரிக்க மனித வைரஸ் பன்றியைத் தொற்றியது. இவை மூன்றாம் வகை ஆயின. தைவான், சீனா, ஜப்பான் நாடுகளில் வேறொரு கிளை தெரிய, அது நான்காம் வகை எனப் பெயர் பெற்றது.

ஜப்பான், 2003–2015

இவ்வரலாற்றில் வேறெந்த நாட்டையும்விட ஜப்பான் நன்கு பதிவாகியிருக்கிறது. காட்டுவிலங்குகளின் இறைச்சியையும் ஈரலையும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணும் பழக்கம் அங்கு இருந்தது ஒரு காரணம். வேட்டையில் கிடைத்ததை உறைபெட்டியில் எடுத்து வைக்கும் பழக்கம் மற்றொன்று. இரண்டாவதற்கு இவ்வறிவியல் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

ஹியோகோ மாவட்டத்தில் இரு குடும்பங்கள் காட்டுமான் இறைச்சியைப் பச்சையாகப் பகிர்ந்து உண்டன. சில வாரங்களில் நால்வருக்குக் காமாலை வந்தது. அந்த இறைச்சியில் மீந்த துண்டு உறைபெட்டியில் கிடந்தது. அதிலிருந்து எடுத்த வைரஸின் வரிசையும் நோயாளிகளின் வைரஸ் வரிசையும் ஒன்றாகவே இருந்தன. விலங்கிறைச்சி வழியாக ஹெபடைட்டிஸ் ஈ பரவும் என்பதற்கு முதல் நேரடிச் சான்று 2003இல் வெளியான இந்த முடிவே. அதே ஆண்டு, காட்டுப்பன்றியின் ஈரலைப் பச்சையாக உண்ட இருவருக்குக் கடும் கல்லீரல் அழற்சி ஏற்பட்டு ஒருவர் இறந்த செய்தி தொத்தோரி மாவட்டத்திலிருந்து வந்தது. ஹொக்கைதோவில் கடைகளில் விற்ற பன்றி ஈரல் பொட்டலங்கள் 363 சோதிக்கப்பட்டன. 7இல் வைரஸ் இருந்தது. 2005இல் காட்டுப்பன்றி இறைச்சியின் எஞ்சிய துண்டும் நோயாளியின் வைரஸோடு ஒத்துப்போனது. ஹியோகோ மானுக்கு வைரஸ் எங்கிருந்து வந்தது என்பது முடிவாகவில்லை. அதே காடுகளில் திரியும் காட்டுப்பன்றியிடமிருந்து வந்திருக்கலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து.

வகைகளின் பரவலும் சீராக இல்லை. இயற்கையில் காட்டுப்பன்றியே இல்லாத ஹொக்கைதோவில் மனிதரிடம் நான்காம் வகை மிகுந்திருந்தது. தெற்கே காட்டுப்பன்றிகளில் மூன்றும் நான்கும் கலந்து கிடைத்தன. அவற்றை ஊர் ஊராகச் சேகரித்து வாசித்துவந்தபோது, எந்த வகையிலும் சேராத ஒரு வைரஸ் ஒரே ஒரு விலங்கில் அகப்பட்டது. 2011இல் அதன் முழு வரிசை வெளியானது. அது ஐந்தாம் வகை. அதிலிருந்தும் வேறுபட்ட ஒன்று பின்னர்க் கிடைத்து ஆறாம் வகையானது. விரல்விட்டு எண்ணத்தக்க விலங்குகளைக் கொண்டே இவ்விரு வகைகளும் நிற்கின்றன. ஆனாலும் 2014இல் உலக வகைப்பாட்டுக் குழுவினர் இரண்டையும் ஏற்றுக்கொண்டனர்.

மூன்றாம் வகை ஜப்பானுக்கு வந்த வழியைப் பற்றிய ஆய்வு சுவையானது. வரிசைகளின் மாறுதல் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டவர்கள், அதன் சில கிளைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியதாகக் கண்டனர். பிரிட்டனிலிருந்து யார்க்‌ஷயர் பன்றிகள் இறக்குமதியாகி, ஜப்பானியர் பன்றியிறைச்சியை விரும்பி உண்ணத் தொடங்கிய காலம் அது. பொருத்தம் அழகாயினும், கணக்கீட்டின் பிழை வரம்பு அகலமானது.

பன்றியின் ஈரலையும் இறைச்சியையும் பச்சையாக விற்பதை ஜப்பான் 2015இல் தடைசெய்தது.

ஐரோப்பா

ஜெர்மனியில் 1990களின் நடுவில் சேகரித்து வைத்திருந்த காட்டுப்பன்றி இரத்த மாதிரிகள் பல ஆண்டுகள் கழித்துச் சோதிக்கப்பட்டன. வைரஸ் அப்போதே அங்கே பரவியிருந்தது தெரிந்தது. பெர்லின் நகர எல்லைக்குள் திரியும் காட்டுப்பன்றிகளிலும் அது இருந்தது. ஐரோப்பிய விலங்குகளில் மூன்றாம் வகையே ஏறக்குறைய முழுதும் ஆட்சி செய்கிறது; ஆனால் அதன் உட்பிரிவுகள் பல. கோர்சிகாவில் ஃபிகத்தெல்லு எனப்படும் பன்றி ஈரல் தொத்திறைச்சியைச் சமைக்காமல் உண்டவர்களுக்கு நோய் வந்ததை 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். இங்கிலாந்தில் 2010ஐ ஒட்டி நோயாளிகளிடம் தென்பட்ட உட்பிரிவு மாறியது. உள்நாட்டுப் பன்றிகளிடம் இருந்ததோ பெரிதும் பழைய உட்பிரிவு. இறக்குமதி இறைச்சியே காரணம் என்று பலர் கருதுகின்றனர். வழி இன்னும் முழுமையாகத் தெளியவில்லை.

2011இல் வெளியான ஒரு வைரஸைத் தனியாகச் சொல்லவேண்டும். எய்ட்ஸ் வைரஸும் தொற்றியிருந்த ஒரு பிரிட்டிஷ் நோயாளியிடமிருந்து கிடைத்த அது, கார்ன்வால் பகுதியின் சொந்த மொழிப் பெயரால் கெர்னோ என அழைக்கப்படுகிறது. மூன்றாம் வகையான அதன் மாறுபடும் துண்டுக்குள் மனித ரைபோசோம் புரதம் ஒன்றின் மரபணுத் துண்டு, 174 நியூக்ளியோடைடு நீளத்தில், செருகப்பட்டிருந்தது. நோயாளியின் உயிரணுவிலிருந்தே வைரஸ் அதை எடுத்துக்கொண்டது. ஆய்வகத்தில் அது பன்றி, மான் உயிரணுக்களிலும் வளர்ந்தது.

இந்தியா

புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் வித்யா அரங்கல்லே குழு 2002இல், மேற்கிந்தியப் பன்றிகளில் நான்காம் வகையும் மனிதரில் முதல் வகையும் இருப்பதாகக் காட்டியது. அதாவது, பன்றி வைரஸ் பரவலாக இருந்தும் பெரும் காமாலைத் தொற்றுகள் குடிநீர் வழியாக வந்த மனித வைரஸாலேயே நேர்ந்தன.

வயதும் பெயரும்

இன்றைய வகைகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை 536 முதல் 1,344 ஆண்டுகளுக்கு முன் இருந்ததாக 2010இல் ஒரு கணக்கீடு கூறியது. மூன்றும் நான்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெருகி, 1990ஐ ஒட்டிச் சுருங்கியதாகவும் அது கண்டது. 2022இல் புதுப்பித்த வகைப்பாட்டில், பன்றி வைரஸ்கள் உள்ளிட்ட இந்த இனத்துக்குப் பலயானின் பெயர் சூட்டப்பட்டது.

அண்மை

ஐந்தாம் வகை வைரஸ் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, 2019இல் குரங்குகளைத் தொற்றக்கூடியது எனக் காட்டப்பட்டது. எலிகளுக்கு உரிய வேறோர் ஈ வைரஸ் 2018இல் ஹாங்காங்கில் மனிதரிடம் கண்டறியப்பட்டது. 2024இல் அமெரிக்காவில் ஆய்வகப் பன்றிகளை அது தொற்றியதாகவும், ஸ்பெயினில் பண்ணைப் பன்றிகளிடம் அது இருந்ததாகவும் அறிக்கைகள் வந்துள்ளன.