தறிக்கும் இடம் தந்த மனைகள்: சென்னையில் நெசவாளர் வீடு

வாலாஜாபாத், காஞ்சிபுரம் வட்டாரங்களில் நெசவாளரின் வீடு உறைவிடமாகவும் தொழிற்கூடமாகவும் ஒருங்கே அமைந்தது. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி மிதிகட்டைகளை இயக்கி நெய்யும் குழித்தறிக்கு ஒரு கூடமும், பாவு எனப்படும் நெடுக்கிழைகளை விரித்துச் சீர்செய்ய நீண்ட தெருவும் வேண்டியிருந்தமையால், நெசவுக் குடும்பம் வேற்றூருக்குப் பெயர்வதென்றால், தறிக்கும் சேர்த்தே இடம் தேட வேண்டியிருந்தது.

ஏற்றுமதித் துணியைச் சென்னைக்கு அருகிலேயே பெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி இத்தேவையை நன்கு உணர்ந்திருந்தது. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் கோலெட்டின் காலத்தில், திருவொற்றியூரை ஒட்டி நெசவாளருக்கென எழுந்த குடியிருப்பு அவர் பெயரால் வழங்கப்பெற்று, காலப்போக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734-இல், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட்டின் காலத்தில், கம்பெனியின் தலைமை வணிகராயிருந்த சுங்குராமாவின் தோட்டம் கையகப்படுத்தப்பட்டு, கூவம் வளைந்தோடும் அவ்விடத்தில் சிந்தாதிரிப்பேட்டை அமைந்தது. நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர் ஆகியோருடன் கோயில் பணியாளரும் அங்கே குடியமர்த்தப்பட்டனர். கம்பெனியின் நோக்கம் வணிக ஆதாயமே. குடியிருக்கும் உரிமையும் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆயினும், மனையை வகுக்கும்போதே தறியைக் கணக்கில் கொண்ட திட்டம் அது.

இருபதாம் நூற்றாண்டில் நகர் விரிந்த முறை வேறு. 1920-களில் உருவான தியாகராய நகரும், 1961-இல் தொடங்கிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகளும் பெரும்பாலும் வெளியே சென்று பணிபுரிவோரை மனத்தில் கொண்டவை. அடுக்குமாடி வீட்டில் குழி வெட்ட இயலாது. பாவு விரிக்கத் தெருவும் இல்லை. மாதச் சம்பளச் சான்றை முதன்மையாகக் கேட்கும் வீட்டுக் கடன் முறையும், சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோருக்கு எளிதில் எட்டுவதில்லை. எனவே வாலாஜாபாத்திலிருந்து புறநகர் ரயிலேறிச் சென்னையில் வேலை தேடும் நெசவாளர் வீட்டு இளைஞர், அங்கே முதல் வீடு வாங்க நினைக்கையில், விலை கொடுப்பதோடு தொழிலையும் துறக்க வேண்டியவராகிறார்.

தறிக்கூடத்துடன் கூடிய வீடுகளுக்கான அரசு உதவித் திட்டங்கள் பின்னர் வந்தது நல்லதொரு தொடக்கம். ஆதாயம் கருதிய வணிகக் கம்பெனி 1734-இல் தறிக்கு ஒதுக்கிய இடத்தை, மக்களாட்சியின் நகரத் திட்டங்கள் இன்று மறுப்பதற்கு நியாயமில்லை.