பின்புத்தியும் முன்னைய ஐயமும்: தெரானோஸ் வழக்கை மீண்டும் வாசித்தல்

1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் புறப்படவிருந்த நேரம். பாருக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்னும் ஆய்வாளர்கள் இஸ்ரேலிய மாணவர்களிடம், இந்தப் பயணங்களில் எது எது நடக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று எழுதி வாங்கினார்கள். பயணங்கள் முடிந்தபின், அன்று எழுதிய எண்ணை நினைவுகூரச் சொன்னார்கள். நடந்துவிட்டதாக நம்பிய நிகழ்ச்சிகளுக்குத் தாங்கள் முன்பே கூடுதல் வாய்ப்புத் தந்திருந்ததாக மாணவர்கள் பலர் சொன்னார்கள். தாளில் இருந்த எண்ணோ குறைவு. 1975இல் வெளியான இந்த ஆய்வு, பின்புத்தியை அளந்து காட்டிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. அந்தச் சீனப் பயணத்துக்கு வழியமைத்த ஹென்றி கிஸ்ஸிங்கர், நாற்பது ஆண்டு கடந்து தெரானோஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அமர்ந்திருந்தார்.

விரல் நுனியில் எடுத்த சில துளி ரத்தத்தில் 200க்கும் மேற்பட்ட சோதனைகள் என்று சொல்லி 70 கோடி டாலருக்கு மேல் திரட்டிய நிறுவனம் அது. 2014இல் அதன் மதிப்பு 900 கோடி டாலர். இன்று அதைப் பற்றிப் பேசுவோர், ‘இது நடக்காது என்று அப்போதே தெரிந்திருக்குமே’ என்கிறார்கள். அவர்கள் அந்த மாணவர்களின் இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது என் கருத்து. ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ் உண்மையை அம்பலப்படுத்திய 2015 அக்டோபருக்கு முன் யார் எதை ஐயுற்றார், எந்த ஆதாரத்தின்மேல் ஐயுற்றார் என்று பிரித்துப் பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

எலிசபெத் ஹோம்ஸ் 2003இல், 19 வயதில், ஸ்டான்ஃபோர்டு படிப்பை விட்டு நிறுவனம் தொடங்கினார். அதே வளாகத்தில் மருத்துவப் பேராசிரியர் ஃபிலிஸ் கார்ட்னர் அவருடைய யோசனை நடவாது என்று முன்பே சொல்லியிருந்தார். வேதிப்பொறியியல் பேராசிரியர் சானிங் ராபர்ட்சனோ அவரை ஊக்குவித்து இயக்குநர் குழுவிலும் சேர்ந்தார். கார்ட்னரின் சொல் இன்று தீர்க்கதரிசனமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அவர் மறுத்தது தோலில் ஒட்டி நோய்த்தொற்றைக் கண்டறிந்து மருந்தும் செலுத்தும் ஒரு பட்டையை. தெரானோஸின் ரத்தச் சோதனைக் கருவியான ‘எடிசன்’ அப்போது யோசனையாகக்கூடப் பிறக்கவில்லை. கார்ட்னரின் அறிவுக்கு இதனால் குறைவில்லை. அவருடைய ஐயம் எதன்மீது எழுந்ததோ அதன்மீதே அதை நிறுத்த வேண்டும் என்பதே என் வாதம்.

துளி ரத்தத்தில் சோதனை என்பது தன்னளவில் அபத்தமும் அல்ல. சர்க்கரை நோயாளிகள் வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்கிறார்கள். மருத்துவமனைகளில் புழங்கும் ஐ-ஸ்டாட் என்னும் கைக்கருவி இரண்டு மூன்று துளிகளில் சில அளவுகளைத் தந்துவிடுகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு அட்டையும் சில சோதனைகளுக்கே உரியது. ‘சில’ என்பதற்கும் ‘200’ என்பதற்கும் நடுவில்தான் உண்மையான சிக்கல் கிடந்தது. விரலைப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீர் கலக்கும், சிவப்பணுக்கள் உடையும், அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து அளவை ஏற்றிக்காட்டும். இது ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ஒரே விரலின் அடுத்தடுத்த துளிகளே எவ்வளவு வேறுபடுகின்றன என்று ரைஸ் பல்கலைக்கழகத்தார் அளந்து காட்டியதோ 2015இன் இறுதியில். முதலாவதை 2013இன் முதலீட்டாளர் கேட்டு அறிந்திருக்கலாம். இரண்டாவதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

எழுத்தில் பதிவான ஐயங்களை இனிப் பார்ப்போம். 2014 டிசம்பரில் ‘நியூ யார்க்கர்’ இதழில் கென் ஆலெட்டா, கருவி வேலை செய்யும் விதத்தை ஹோம்ஸ் மிக மங்கலாகவே விளக்கினார் என்று குறித்தார். 2015 பிப்ரவரியில் ‘ஜாமா’ மருத்துவ ஆய்விதழில் ஜான் ஐயோனிடிஸ், இவ்வளவு பேசப்படும் ஒரு தொழில்நுட்பத்துக்கு ஆய்விதழ்களில் தடயமே இல்லையே என்று கேட்டார். அதே ஆண்டில், நாளிதழ் அம்பலப்படுத்துவதற்கு முன்பே, டொரன்டோவின் எலெஃப்தீரியஸ் டயமண்டிஸும் நிறுவனத்தின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். மூவரும் மோசடி என்று சொல்லவில்லை. ‘தரவைக் காட்டுங்கள்’ என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். பின்புத்தி இந்த ஐயத்தைக் குற்றச்சாட்டாக மாற்றி வாசிக்கிறது. கருவியைத் திறந்து பார்க்காமலே கேட்கக்கூடிய கேள்வி அது, விடை வராதது தெரிந்ததும் விலகிக்கொள்ளவும் முடிந்த கேள்வி. அதன் வலிமை அங்கேதான் இருந்தது.

2015 அக்டோபரில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழில் ஜான் கேரிரூ எழுதியபோதுதான் உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது. பெரும்பாலான சோதனைகள் பிற நிறுவனங்களின் வழக்கமான இயந்திரங்களில் நடந்தன. அவற்றுள் சில, நீர்க்கச் செய்த துளிகளைக் கொண்டு. அவருக்குத் தகவல் தந்தவர்கள் ஊழியர்கள். வெளியிலிருந்து யாரும் ஊகித்துவிட முடியாத செய்தி இது.

இதற்கிடையில் அரிசோனா மாநிலத்தில் சுமார் 1,75,000 பேர் இந்நிறுவனத்தின் சோதனைகளைப் பெற்றிருந்தார்கள். மருத்துவரின் சீட்டு இல்லாமலே மக்கள் சோதனை செய்துகொள்ள வழிவிடும் சட்டம் அங்கே 2015இல்தான் நிறைவேறியிருந்தது. ஹோம்ஸ் அதற்கு ஆதரவாகப் பேசியவர். 2016இல் நிறுவனமே இரண்டு ஆண்டு எடிசன் முடிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. 2022 ஜனவரியில் மோசடி வழக்கில் நடுவர் குழு ஹோம்ஸைக் குற்றவாளி என்றது நான்கு குற்றச்சாட்டுகளில். நான்கும் முதலீட்டாளர் தொடர்பானவை. நோயாளிகள் தொடர்பானவற்றில் அவர் விடுவிக்கப்பட்டார். ஊசி குத்தப்பட்டவர்களின் பக்கம் தீர்ப்பில் இப்படி வெறுமையாக நிற்பது எனக்கு வலிக்கிறது.

‘தரவைக் காட்டுங்கள்’ என்ற அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டம் யாரையாவது கட்டாயப்படுத்தியதா? 1987இல் இதே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ கவனக்குறைவான ஆய்வகங்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆய்வகத் தரச் சட்டத்தை இயற்றியது. அது ஆய்வகத்தின் அன்றாட ஒழுங்கைக் கண்காணிக்கிறது. ஓர் ஆய்வகம் தானே உருவாக்கித் தன்னிடமே பயன்படுத்தும் சோதனையை, மக்களிடம் போவதற்கு முன் உணவு மருந்து நிர்வாகம் பார்த்தாக வேண்டும் என்ற நிலை நடைமுறையில் இல்லை. எடிசன் அந்த இடைவெளியில்தான் நுழைந்தது. 2024 மே மாதம் அந்நிர்வாகம் இடைவெளியை அடைக்க விதி ஒன்றை வெளியிட்டது. 2025 மார்ச் 31 அன்று டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம், அதற்கான அதிகாரம் நிர்வாகத்துக்கு இல்லை என்று விதியை நீக்கிவிட்டது.