ஆஜர், ஜாமீன், ஜப்தி: அரபியில இல்லாத ஜ

பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு நிலத் தகராறுன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தர் கோர்ட்ல ஆஜர் ஆகணும். இன்னொருத்தருக்கு ஜாமீன் வேணும். கடன் கட்டாத பங்காளிக்கு ஜப்தி நோட்டீஸ். பெரியவங்க வந்து "ராஜி ஆயிருங்கப்பா"ம்பாங்க. அந்தக் காலத்து ஆளுங்க இன்னும் கோயமுத்தூர் ஜில்லான்னுதான் சொல்வாங்க. இந்த அஞ்சு சொல்லும் மூலத்துல அரபி. அஞ்சுலயும் ஜ வருது. ஆனா அரபியில இந்த அஞ்சுல ஒண்ணுலகூட ஜ கிடையாது!

அரபியில ஜ-வுக்கு ஜீம்னு தனி எழுத்து இருக்கு. நாக்கால காத்தை முழுசா அடைச்சு, உடனே உரசலோட விடுற ஒலி. நம்ம 'பஞ்சு'ல கேக்குற அதே ஒலி. எட்டாம் நூற்றாண்டுல பஸ்ராவுல இருந்த சீபவைஹி, அரபிக்குப் பெரிய இலக்கணம் எழுதினவர், ஜீம் நடுநாக்கும் நடு அண்ணமும் சேர்ற இடத்துல பிறக்குதுங்கிறார். தொல்காப்பியம் நம்ம ச-வுக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் சொல்லுது. இன்னொண்ணு, சீபவைஹி பாரசீகக்காரர். அரபி அவருக்குத் தாய்மொழி இல்ல.

அப்போ அந்த அஞ்சு சொல்லுல இருக்கிறது என்ன? 'ளாத்'ங்கிற எழுத்து. அரபி தன்னை 'ளாத்தின் மொழி'ன்னே பெருமையா சொல்லிக்கும். நாக்கோட ஓரத்தைக் கடைவாய்ப் பல்லு பக்கம் வெச்சுச் சொல்லணும்னு சீபவைஹி விவரிக்கிறார். அதாவது ல, ள சாயல். இன்னைக்கு அரபிக்காரங்களே பெரும்பாலும் அப்படிச் சொல்றதில்ல, அழுத்தமான 'ட' மாதிரி ஆயிடுச்சு.

பாரசீகத்துல இந்த ஒலி இல்ல. அவங்க அதை ஆங்கில 'ஜீப்ரா'வோட முதல் எழுத்து மாதிரி, அடைப்பே இல்லாத வெறும் உரசலா மாத்திக்கிட்டாங்க. ஹைதர், திப்பு காலத்துல கோயமுத்தூர் மைசூர் ஆட்சியில இருந்துச்சு. திப்புவோட நிர்வாகத்துல பாரசீகத்துக்குப் பெரிய இடம். 1799-க்கு அப்புறம் வந்த கம்பெனியும் இந்த வருவாய்ச் சொற்களை அப்படியே வெச்சுக்கிச்சு. அந்த வெறும் உரசல் தமிழ் நாக்குக்குப் பழக்கமில்ல. முதல்ல அடைச்சுட்டு அப்புறம் உரசுனோம். ஜ வந்துருச்சு. 'ஜில்லா'வோட அரபி மூலத்துக்கு அர்த்தம் விலா எலும்புங்கிறது தனிக் கூத்து.

இதே ளாத் நம்மகிட்ட வேற வழியிலயும் வந்திருக்கு. வருஷா வருஷம் ஸ்டேட்டஸ் போடும்போது ஒரு சண்டை வருமே, ரம்ஜானா ரமலானான்னு? ரெண்டும் ஒரே சொல்லு, உள்ள இருக்கிறது ஒரே ளாத். ரம்ஜான் பாரசீகம், உருது வழியா தரையில வந்தது. ரமலான், கடல் வழியா அரபு வணிகர்களோட நேரடித் தொடர்புல இருந்த முஸ்லிம்களோட உச்சரிப்பு. அந்த 'ல'வுல சீபவைஹி சொன்ன பழைய நாக்கோரம் மிச்சமிருக்கு. ஸ்பெயின்லயும் இதே கதைதான். அங்க மேயரை 'அல்கால்தே'ம்பாங்க, அதுவும் நம்ம 'காஜி'யும் ஒரே அரபுச் சொல்லு.

அதனால 'நீ தப்பா சொல்ற'ன்னு இதுல யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லைங்கிறது என் கட்சி. ஜீமே ஒரு காலத்துல 'க' மாதிரி இருந்ததுதான். எகிப்துல இன்னமும் அப்படித்தான், அதனாலதான் கமால் நாசர். அதே பேரு திருச்சி காலேஜ்ல ஜமால் முகமது.

நம்ம தாலுகா ஆபீஸ்ல அசல் ஜீம் வேணும்னா ஜமாபந்தி இருக்கு. அங்க குடுக்குற மனுவுக்கு வர்ற ஜவாப்லயும் அசல் ஜீம்தான். ஜவாப் எப்போ வரும்கிறது வேற எபிசோடு.