உறங்கிய மோட்டார் வண்டிகள்

யுத்தம் என்றதும் போர்க்களமே நினைவுக்கு வரும். மாணவ நண்பர்களே, நான் சொல்லவிருப்பது கொட்டகைக்குள் நிகழ்ந்த வரலாறு.

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பரிலேயே பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு தொடங்கிற்று. 1942 ஜூலையில் சொந்தக் கார்களுக்கான அடிப்படைப் பங்கும் நின்றது. ஆஸ்டின் செவன் போன்ற சிறு கார்கள் பல, மரக்கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்டன. 1945 ஜூனில் பெட்ரோல் மீண்டும் கிடைத்தது. ஆயினும், நெடுநாள் நின்ற இஞ்சின் பெட்ரோல் ஊற்றியதும் ஓடிவிடுமா?

ஓடாத இயந்திரமும் தேய்வுக்கு உட்பட்டதே. பழைய பெட்ரோல் ஆவியாகி, எஞ்சிய பிசின் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பாட்டரி வலுவிழக்கும். மின்பொறிக்குக் காரணமான தொடுமுனைகளில் களிம்பேறும். பிஸ்டன் வளையங்கள் துருவினால் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒட்டிய வளையத்தை வலிந்து சுழற்றினால் அது முறியும், சிலிண்டரும் கீறுபடும். போருக்குப் பின் புதுக் கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே சென்றதால், கெடுத்துக்கொண்டவருக்கு மாற்று வண்டி எளிதில் வாய்க்காது.

எனவே வரிசை முக்கியம். முதலில் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பிறகு கைப்பிடியால் மெல்லச் சுழற்ற வேண்டும். தடையின்றிச் சுழன்றால், பிளக்கில் பொறி தெறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவிப் புதியது ஊற்ற வேண்டும்.

சுழற்சி, பொறி, எரிபொருள் என ஒவ்வொன்றாகச் சோதிப்பவருக்கே பழுது தன் இருப்பிடத்தைக் காட்டும். விஞ்ஞான முறை என்பதும் இதுவே என்பேன்.